மூணாம் மெஷினை அணைக்காதீர்கள்

புள்ளி. அதன் பின்னால் என், எஃப், எஸ். அதன் பின்னால் பூஜ்யம் பூஜ்யமாகப் போய், நடுவில் ஒரு நாலும் ஒரு ஏழும் தலைகாட்டி, கடைசியில் ஒரு சி. காலையில் 'நாள்வரி' என்று லட்சணமாக இருந்த என் ஃபைலுக்கு இப்போது இதுதான் பெயர். பத்தே முக்காலிலிருந்து இதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கண்ணை எடுத்தால் போய்விடுமோ என்று இமைக்கக்கூட யோசனை. இமைக்காவிட்டால் கண் எரிகிறது, எரிந்தால் தேய்க்கத் தோன்றும், தேய்க்கப் போன கை நழுவி மவுஸ் மேல் விழும், விழுந்தால் எதை அமுக்குமோ. கைகளை மடியில் வைத்து ஒன்றின் மேல் ஒன்றை அழுத்திக்கொண்டேன். எங்கள் கம்ப்யூட்டர் சர்வரைப் பார்த்துக்கொள்கிற இர்பான் தம்பி விருதுநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "அக்கா, புள்ளி என்எஃப்எஸ்னு ஆரம்பிச்சு ஒண்ணு நிக்குதா? அதான் உங்க ஃபைல். அதே மெஷின்ல யாரோ அதைத் திறந்து வச்சிருக்காங்க, அதனாலதான் இன்னும் உசுரோட இருக்கு. மூணாம் மெஷினை அணைக்காதீங்க. வேற மெஷின்லருந்து யாரும் அதைத் தொட்டுறக் கூடாது. நான் பஸ் ஏறிட்டேன், வந்து..." அவ்வளவுதான். வந்து என்ன செய்வான் என்பதைச் சொல்வதற்குள் போன் அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு பதினோரு தடவை அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் பதறாமல் சொல்கிறாள். அவளுக்கென்ன.

அணைக்காதே என்று சொல்ல அவனுக்குக் கிடைத்த நாளைப் பாருங்கள். இன்று ஆயுத பூஜை. சிவகாசியில் வருஷம் முழுக்கத் தூங்காத மெஷின்கள் எல்லாம் இன்று ஒரு நாள் வாயை மூடும். எங்கள் அச்சகத்திலும் பன்னிரண்டரைக்கு மணி அடித்துச் சூடம் காட்டுவதற்குள் நாலு கலர் மெஷினிலிருந்து பேப்பர் வெட்டும் கத்தி வரை எல்லாவற்றையும் நிறுத்தி, துடைத்து, பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து விட வேண்டும். கம்ப்யூட்டருக்கும் அதே மரியாதைதான். ஓடுகிற மெஷினுக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்பது முதலாளி தர்மலிங்கம் அண்ணாச்சியின் கொள்கை. தூங்குகிற பிள்ளைக்குத்தான் பொட்டு நேராக வைக்க முடியும் என்பார். பூஜைக்கு முன்னால் ஒட்டடை அடிக்கிறோம், சர்வரில் உள்ள குப்பையையும் அடிக்க வேண்டாமா என்று ஆரம்பித்ததுதான் நான். யாரும் சொல்லவில்லை. எனக்கு எதுவும் சும்மா கிடந்தால் ஆகாது. 'இந்த வருஷம்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. இந்த வருஷக் காலண்டர்தான் போன வருஷமே அச்சடித்து, ஊர் ஊராகப் போய், சுவர் சுவராகத் தொங்கி, முக்கால்வாசி கிழிந்தும் போச்சே, இது எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு என்று குப்பைத் தொட்டிக்குக்கூட அனுப்பாமல் ஒரேயடியாக அழித்தேன். காலண்டர் ஆபீஸில் இருக்கிறவர்களுக்கு மட்டும் வருகிற கோட்டி, ஒருவகைப் பைத்தியம். நாங்கள் எப்போதும் அடுத்த வருஷத்தில்தான் குடியிருக்கிறோம். ஆடியிலேயே தை பிறந்துவிடும். இன்று என்ன தேதி என்று கேட்டால் எந்த வருஷத்துக்கு என்று திருப்பிக் கேட்போம். கூட வேலை செய்கிற ஜெபராணி, இந்த வருஷம் செய்கிற வேலை என்ற கணக்கில் 'இந்த வருஷம்' என்று பெயர் வைத்திருக்கிறாள். நான் இந்த வருஷத்துக்கான காலண்டர் என்று படித்திருக்கிறேன். அழித்த பிறகும் ஃபோல்டர் மட்டும் போகமாட்டேன் என்று நின்றது. உள்ளே பார்த்தால் இந்தப் புள்ளிக்காரன். அவனையும் அழிக்கப் பார்த்தேன். உபயோகத்தில் இருக்கிறது, முடியாது என்று வந்தது. யார் உபயோகிக்கிறார்கள், நான்தானே உட்கார்ந்திருக்கிறேன் என்று யோசித்த பிறகுதான் புரிந்தது. எங்கள் அறையில் ஆள் ஐந்து, மெஷின் மூன்று. ஒருத்தி திறந்ததை மூடாமல் திரையைப் பூட்டி வைத்துவிட்டு எழுந்தால் அடுத்தவள் அதன் மேலேயே தன் பெயரில் நுழைந்துகொள்வாள். என் திரைக்கு அடியில் ஜெபராணியின் திரை இருக்கிறது, அதற்குள் என் ஃபைல் திறந்தபடி இருக்கிறது. அவளோ சாத்தூரில் சித்தி மகள் நிச்சயதார்த்தத்தில் இருக்கிறாள், போன் அணைந்திருக்கிறது, பாஸ்வேர்டு அவள் மனசுக்குள் இருக்கிறது. விசேஷ வீட்டில் கேசரி தின்றுகொண்டிருப்பாள். தின்னட்டும், நல்ல பெண்.

அழிந்ததில் படங்களுக்கும் கட்டங்களுக்கும் ஏஜெண்டிடம் இன்னொரு பிரதி இருக்கிறது, அது கவலையில்லை. இந்த ஒன்றுக்குத்தான் வேறு பிரதி இல்லை. தினமும் பிரதி எடுத்து வைக்கிற டிஸ்க் போன வாரம் ரிப்பேருக்குப் போனது, திரும்பவில்லை. தினசரித் தாளில் நாள், நட்சத்திரம், ராகு காலத்துக்குக் கீழே ஒரு வரி வரும் பாருங்கள், அந்த வரிகள் இவை. முன்பெல்லாம் பெரிய மனிதர்களின் பொன்மொழி போடுவோம். போன வருஷம் தேனி ஏஜெண்ட் ஒருவர், "ஏன் அண்ணாச்சி, இருபது வருஷமா அதே ஆள் அதையே சொல்லிக்கிட்டிருக்காரே, அவருக்கு வேற வேலையில்லையா" என்று கேட்டுவிட்டார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "ஏம்மா பேச்சி, நீ சாப்பிடும்போது, நடக்கும்போது, எதையாவது எச்சரிச்சுக்கிட்டேதான இருக்கே. அதை எழுதேன். முந்நூத்தி அறுபத்தஞ்சு எழுத முடியுமா?" எட்டாம் வகுப்பு முடிக்காத என்னைக் கேட்டார். முடியுமா என்று யோசிக்கவே எனக்கு இரண்டு நாள் தூக்கம் போனது, எழுத ஆரம்பித்த பிறகு முந்நூற்று அறுபத்தைந்தோடு எப்படி நிறுத்துவது என்று தூக்கம் போனது. வெளியூர் கிளம்பும்முன் கேஸ் அடுப்பைப் பார்த்தது மறந்துவிடும், அதனால் பார்க்கும்போது உங்கள் பெயரை நீங்களே உரக்கச் சொல்லுங்கள், அது மறக்காது. சாவியை வைத்த இடத்தை யோசிக்காதீர்கள், கடைசியாகத் திறந்த கதவை யோசியுங்கள். கோபமாக வருகிறவருக்கு முதலில் தண்ணீர் கொடுங்கள், குடித்துக்கொண்டே திட்ட முடியாது. இப்படி. வீணாய்ப் போன தாள்களின் பின்பக்கம் எழுதி, கம்ப்யூட்டரில் அடித்து ஏற்றிய பிறகு அந்தத் தாள்களை முந்தாநாள்தான் பழைய பேப்பர்காரருக்குப் போட்டேன். அதுவும் பூஜைக்காகச் சுத்தம் செய்தது. என் சுத்தம் என்னை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது பாருங்கள்.

நாலு கலர் மெஷின் ஓட்டுகிற சுடலைமுத்து அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நிற்கிறார். உருளை கழுவிய மண்ணெண்ணெய் வாசமும் சந்தன வாசமும் சேர்ந்து வருகிறது, வருஷத்தில் இந்த ஒரு நாள் மட்டும் வருகிற வாசம். "என்ன பேச்சி, ஸ்கிரீனை இப்படி முறைக்கிறே? மாப்பிள்ளை பாக்க வந்த மாமியா மாதிரி." நான் நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நீ கொன்னுட்டே. அது சாகலே. பேரை மாத்திக்கிட்டு ஒளிஞ்சிருக்கு. வெவரமான ஃபைலாத்தான் இருக்கும், நீ எழுதினதாச்சே" என்று சிரித்துவிட்டு, மானிட்டரில் பொட்டு வைக்கக் கையை நீட்டினார். "அண்ணே, தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் பொட்டைத் தன் நெற்றியிலேயே வைத்துக்கொண்டார். உபயோகத்தில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடுவது எனக்கு இன்று நேற்று வந்த பழக்கமா. வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருக்கும்போது கொடியில் கிடந்த பேண்ட்டைப் பழசு என்று நினைத்து வாளிக்காரனிடம் போட்டு ஒரு பச்சை வாளி வாங்கினேன். அவர் துண்டோடு வெளியே வந்து, "ஏட்டி, என் பேண்ட் எங்கே, அதுல வண்டிச் சாவி இருக்கே" என்றார். முருகன் காலனி மூன்றாம் தெரு வரைக்கும் வாளியோடு ஓடினேன். வாளிக்காரன் நல்லவன், பேண்ட்டையும் கொடுத்தான், வாளியையும் வைத்துக்கொள்ளச் சொன்னான், என் ஓட்டத்தைப் பார்த்துப் பயந்துபோய். அந்த வாளி இன்னும் இருக்கிறது. வாளியைப் பார்க்கும்போதெல்லாம் அவர் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

மணி பதினொன்றரை. பெயர் போன பிறகும் ஆள் இருப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். எட்டாவது படிக்கும்போது இரண்டு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை, காலண்டர் உச்சியில் தகரப் பட்டை அடிக்கிற வேலைக்குப் போனேன். தை பிறந்ததும் வேலை இல்லை, திரும்பப் பள்ளிக்குப் போய் என் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். சரோஜா டீச்சர் பெயர் படித்தார். பிச்சைமணி, உள்ளேன் டீச்சர். அடுத்தது நான். வாயைத் திறந்து வைத்திருக்கிறேன். டீச்சர், பொன்னுத்தாய் என்றார். பக்கத்தில் இருந்த பொன்னுத்தாய், உள்ளேன் டீச்சர் என்றாள். என் பெயரை அடித்துவிட்டார்கள். திறந்த வாயை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு கொட்டாவி விட்டேன், அதற்கும் திட்டு வாங்கினேன். ஆனால் யாரும் எழுந்து போ என்று சொல்லவில்லை. ரிஜிஸ்டரில் நான் இல்லை, பெஞ்சில் இருக்கிறேன். டீச்சர் கேள்வி கேட்டால் பதில் சொல்கிறேன், சத்துணவில் தட்டை நீட்டினால் முட்டை விழுகிறது. ஒன்பது நாள் அப்படி இருந்தேன். கூடப் படித்தவர்களுக்கு என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று குழப்பம், 'அந்தக் கடைசிப் பிள்ளை' என்றார்கள். எனக்கும் ஒரு புள்ளி வைத்த பெயர்தான். பத்தாம் நாள் தலைமையாசிரியர் ஒரு புதுப் பெண்ணைக் கூட்டிவந்து, இடம் வேண்டும், கொஞ்சம் எழுந்திரும்மா என்றார். மரியாதையாகச் சொன்னார். நானும் மரியாதையாக எழுந்தேன். எழுந்த மாத்திரத்தில் அந்த இடம் இல்லை, அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள், பொன்னுத்தாய் அவளுக்கு ரப்பர் கொடுத்துக்கொண்டிருந்தாள். யாராவது பிடித்துத் தள்ளியிருந்தால் அழுது புரண்டாவது இருந்திருப்பேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை. ஆனால் அந்த ஒன்பது நாளில் நான் சும்மா இருந்தேனா? ஒன்று செய்தேனே. என்னமோ செய்தேன். அதை நினைக்க வந்த நேரத்தில்தான் அண்ணாச்சியின் செருப்புச் சத்தம்.

வெள்ளை வேட்டி, கையில் குங்குமச் சிமிழ், முகத்தில் அவசரம். "என்னம்மா இன்னும் அணைக்கலை? ஒண்ணு ரெண்டு எல்லாம் அணைக்கப் போறோம். அய்யர் வந்துட்டாரு, பூசணிக்காயே வந்து உக்காந்திருக்கு." நான் எழுந்து பானையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு நீட்டினேன். அவர் குடித்தார். குடித்துக்கொண்டே திட்ட முடியவில்லை. அதற்குள் சொல்லி முடித்துவிட்டேன், மூச்சு விடாமல், எந்த ஃபோல்டர், எந்தப் பெயர், யார் சாத்தூரில் என்று. அண்ணாச்சி செம்பைக் கீழே வைத்து என்னையே பார்த்தார். "இது உன் காலண்டர்ல இருக்கிற தண்ணி வரிதான?" என்றார். "மார்ச் பதினாலு" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வந்த சிரிப்பை விபூதிக்குள் மறைத்துக்கொண்டார். "பன்னிரண்டரை வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் எல்லாரோடயும் இதுவும் அணையணும். ஒத்த மெஷின் மட்டும் ஓடிக்கிட்டிருக்க நான் மணி அடிக்க மாட்டேன். வரி போனா போகுது, பழைய பொன்மொழி இருக்கவே இருக்கு." போனா போகுது. அந்தச் சொல் எனக்குள் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. அதே ஆள் அதையே சொல்ல இன்னும் ஒரு வருஷம் வந்துவிடுவார். அண்ணாச்சி தன் அறைக்குப் போனார். இரண்டு நிமிஷத்தில் அங்கிருந்து குரல். "ஏம்மா, என் மெஷின்ல பாத்தா 'இந்த வருஷம்'குள்ள என்னமோ நம்பர் நம்பரா ஒண்ணு கிடக்கு. வைரஸா? அழிச்சிரட்டா?" நான் ஓடிய ஓட்டத்தை வாளிக்காரன் பார்த்திருந்தால் இன்னொரு வாளி கொடுத்திருப்பான். "அண்ணாச்சி! அதான்! அதேதான்! அங்கேயிருந்து அழிச்சா உண்மையாவே செத்துரும்!" அவர் பிடிபட்ட திருடன் போல இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். சரி, அழிக்கலை, போ.

திரும்பி வந்து உட்கார்ந்த உடனே கரண்ட் போனது. தெருவில் யாரோ சீரியல் பல்பு கட்டுகிறேன் என்று எதையோ இழுத்திருப்பார்கள். ஃபேன் நின்றது. மேசைக்கு அடியில் யூபிஎஸ் கீ என்றது. கீ, கீ, அரை நிமிஷத்துக்கு ஒன்று. சர்வரையும் என் மெஷினையும் சேர்த்து இந்தப் பெட்டி கால் மணி நேரம் தாங்கும், அதுவும் வாங்கின புதிதில். இர்பான் எங்கே இருக்கிறான், திருத்தங்கலா, இன்னும் ஆமத்தூர்தானா. போன் எடுத்தேன், அதே பெண், அதே பதறாமை. என் நெஞ்சும் யூபிஎஸ்ஸும் மாறி மாறி அடிக்கின்றன. அக்டோபர் போகிறது, நவம்பர் போகிறது, உப்பு ஜாடி வரி, மழைநாளில் நாய் வந்து படுத்தால் விரட்டாதே என்ற வரி, கடைசி நாளுக்கு என்று மூன்று நாள் யோசித்த வரி, எல்லாம் ஒரு கீ சத்தத்துக்கு இந்தப் பக்கம் இருக்கின்றன. பெஞ்சிலிருந்து எழுப்பப் போகிறார்கள். எழுந்திரும்மா. அப்போது ஞாபகம் வந்தது, அண்ணாச்சியின் செருப்பு கலைத்த ஞாபகம். அந்த ஒன்பது நாளும் நான் பொன்னுத்தாயின் நோட்டைப் பார்த்து எழுதினேன். எழுப்பிவிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது, எப்போது என்றுதான் தெரியாது. அதனால் எந்தப் பாடம் நடக்கிறது என்று பார்க்காமல், பூகோளம், அறிவியல், இலக்கணம் என்று கை வலிக்க வலிக்க எழுதி எடுத்துக்கொண்டேன். எழுந்து போனபோது இடம் போனது, நோட்டு போகவில்லை. அந்த நோட்டின் கையெழுத்தைப் பார்த்துத்தானே அண்ணாச்சியின் அப்பா என்னைத் தகரத்திலிருந்து தூக்கி எழுத்துப் பிழை பார்க்க உட்கார வைத்தார். இருக்கும்போதே பார்த்து எழுதிக்கொள். இதுதான். இந்தப் புள்ளிக்காரனின் பெயர்தான் மாறியிருக்கிறது, ஆள் இருக்கிறானே. இருக்கிற ஆளைப் பார்த்து ஒரு பிரதி எடுத்தால் என்ன? தொடக் கூடாது என்றானே இர்பான். வேற மெஷின்லருந்து என்றுதானே சொன்னான். இந்த மெஷினில் தொட்டால்? தொடுவது வேறு, பார்த்து எழுதுவது வேறு. பொன்னுத்தாயின் நோட்டுக்கு நான் எழுதியதால் ஏதாவது குறைந்ததா? கீ. கீ. இப்போது விட்டு விடாமல் கத்துகிறது. மவுஸில் கை வைத்தேன். இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். புள்ளிக்காரன் மேல் வலது பக்கம் ஒரு அமுக்கு. பிரதி எடு. வெளியே வந்து, வேறு ஃபோல்டரில், ஒட்டு. பூஜ்யங்களோடு அப்படியே ஒருவன் வந்து நின்றான். அவனுக்குப் பெயர் வைத்தேன், முன்பக்கப் புள்ளியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக. நாள்வரி. திறந்தேன். ஜனவரி ஒன்று: புது வருஷத்தில் முதலில் பார்க்கிறவரிடம் சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள், மீதி தானாக வரும். கீழே இறக்கினேன். மார்ச் பதினாலு, தண்ணீர். உப்பு ஜாடி. நாய். டிசம்பர் முப்பத்தொன்று. எண்ணிப் பார்க்கவில்லை, எண்ணினால் அழுதுவிடுவேன் போல இருந்தது, அழ நேரமில்லை, மூடி வைத்தேன்.

கரண்ட் வந்தது. கூடவே இர்பானும் வந்தான், சட்டையெல்லாம் நனைந்து, பேருந்து நிலையத்திலிருந்து ஓடி வந்திருக்கிறான். "அக்கா, இருக்கா?" என்றான் வாசலிலேயே. "பாத்து எழுதிட்டேன் தம்பி" என்றேன். அவன் குனிந்து பார்த்தான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஃபோல்டரையும் திறந்தான். ஒரே அளவு. "அக்கா, இதைச் செய்யத்தான் நான் இருபத்தஞ்சு கிலோமீட்டர் வந்தேன்" என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டான். "சொல்லி முடிக்கிறதுக்குள்ள போன் கட்டாயிருச்சு. பிரதி எடுங்கன்னு சொல்ல வந்தேன்." கரண்ட் போனதையும் யூபிஎஸ் கத்தியதையும் என் நெஞ்சு அடித்ததையும் அவனிடம் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் சுடலைமுத்து அண்ணன் எட்டிப் பார்த்தார். "கரண்ட் பொசுக்குனு போயிருந்தா ஒண்ணுமே ஆகியிருக்காதுக்கா. மெஷின் செத்துப்போச்சுன்னா இதை அழிச்சிருன்னு சர்வருக்குச் சொல்ல ஆளே இல்லை. அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும். ஒழுங்கா, முறையா அணைச்சாத்தான், மூடிட்டேன், இனி எடுத்துரலாம்னு மெஷின் மரியாதையா சொல்லும், சர்வரும் எடுத்துரும்." மரியாதையாகச் சொன்னால்தான் போகும். தள்ளிவிட்டிருந்தால் இருந்திருக்கும். இதை எனக்கு எட்டாவதிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

அண்ணாச்சி வந்தார், மணி பன்னிரண்டு இருபத்தைந்து. "என்னம்மா, அணைக்கலாமா?" என்றார். "முறையா அணைக்கலாம் அண்ணாச்சி" என்றேன். வேறு ஒருவர் உள்ளே இருக்கிறார், இருந்தாலும் அணைக்கவா என்று திரை கேட்டது. ஜெபராணியின் பெயரைக் காட்டியது. இர்பானைப் பார்த்தேன், தலையாட்டினான். அணைத்தேன். ஒரு பெருமூச்சு போலச் சத்தம் போட்டு மெஷின் அடங்கியது. அண்ணாச்சியின் மெஷினை அணைக்கும் முன் அதில் போய்ப் பார்த்தோம். புள்ளிக்காரன் இல்லை. பூஜ்யங்கள் இல்லை, நாலு இல்லை, ஏழு இல்லை. சுத்தமான இடம். பக்கத்து ஃபோல்டரில் நாள்வரி. அண்ணாச்சி அந்தப் பெயரைச் சத்தமாகப் படித்தார், கண்ணாடி போடாததால் மெதுவாக, பெயர் படிக்கிற டீச்சர் மாதிரி. "உள்ளேன்" என்றேன் நான், என்னை அறியாமல். அண்ணாச்சியும் இர்பானும் சுடலைமுத்து அண்ணனும் திரும்பிப் பார்த்தார்கள். கொட்டாவி விட்டு மறைத்தேன்.

மூணாம் மெஷினுக்கு நானே பொட்டு வைத்தேன், நேராக விழுந்தது. மணி அடித்தது, சூடம் எரிந்தது, வாசலில் பூசணிக்காய் உடைந்து குங்குமத் தண்ணீர் இர்பானின் சட்டையில் தெறித்தது, இர்பான் கையில் முதல் பொரிப் பொட்டலம். பொரியில் எனக்குக் கடலை அதிகமாக வந்தது, சுடலைமுத்து அண்ணன் அதில் பாதியைக் கேட்காமல் எடுத்துக்கொண்டார். மென்றுகொண்டே நிற்கும்போது அடுத்த வருஷ ஆயுத பூஜைத் தாளுக்கு நான் எழுதியிருந்த வரி போதாது என்று தோன்றியது, வேறொன்று வந்தது. எதையும் அணைக்கும் முன், உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று ஒரு குரல் கொடுக்கவும். நன்றாக இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று மெஷினைத் தொடக் கூடாது, பேனா பூஜையில் இருக்கிறது, நோட்டும் பூஜையில் இருக்கிறது, எழுதவே கூடாது. நாளைக் காலை பூஜை பிரித்தெடுக்கிற வரைக்கும் இந்த வரி வேறெங்கும் கிடையாது, எனக்குள் மட்டும்தான் திறந்திருக்கிறது. வீட்டுக்குப் போக வேண்டும், சுண்டல் தாளிக்க வேண்டும், வீட்டுக்காரர் எதையாவது கேட்பார், பால்காரர் வருவார். ஏதாவது பேச்சுக் கொடுத்து, நாளைக் காலை வரைக்கும் என்னை யாரும் அணைக்காமல் இருந்தால் சரி.